இளைஞர்களை ஆளாக்கிய பக் ஓநீல்

அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலின் வரலாறு மட்டை பிடித்தவர்களின் பெயராலும் பந்து எறிந்தவர்களின் பெயராலுமே பெரிதும் எழுதப்பட்டிருக்கிறது. அவர்களைச் சிற்றூர் மைதானங்களிலும் கல்லூரித் திடல்களிலும் முதலில் அடையாளம் கண்டு, பெற்றோரிடம் பேசி, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, வீட்டை விட்டுப் போன பிறகும் மனம் உடையாமல் பார்த்துக்கொள்பவர்கள் ஸ்கவுட் எனப்படுகிறார்கள்; அவர்களில் மிகப் பலருடைய உழைப்பு கழக அலுவலகங்களின் கோப்புகளுக்கு வெளியே வந்ததே இல்லை. ஆட்டக்காரராகவும் அணித் தலைமைப் பயிற்சியாளராகவும் ஸ்கவுட்டாகவும் எழுபது ஆண்டுகள் இந்த விளையாட்டோடு வாழ்ந்த ஜான் ஜோர்டன் ஓநீல் என்னும் பக் ஓநீல், அந்தப் பொதுநிலைக்கு விலக்கான மிகச் சிலரில் ஒருவர்.

ஓநீலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவர் யார் யாரைக் கண்டுபிடித்தார் என்ற பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். எர்னி பேங்க்ஸ், லூ பிராக், லீ ஸ்மித், ஜோ கார்ட்டர், ஆஸ்கர் கேம்பிள் என்று நீளும் அந்தப் பட்டியல் வியப்புக்குரியதுதான் என்றாலும், திறமையை இனங்காணும் கண் அவர் காலத்து வேறு சில ஸ்கவுட்டுகளுக்கும் இருந்தது. கண்டெடுத்த இளைஞனை ஆட்டத்தில் தக்கவைக்கும் ஆற்றலே ஓநீலுக்கு உரிய தனிச்சிறப்பு. அந்த ஆற்றலை அவருக்கு எந்தக் கழகமும் பயிற்றுவிக்கவில்லை. நிறத்தின் பெயரால் கதவடைக்கப்பட்ட ஒரு தலைமுறையோடு அவர் ஆடி, அலைந்து, அவர்களை வழிநடத்திய ஆண்டுகளிலிருந்து அது வந்தது.

கதவுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம்

ஓநீல் 1911 நவம்பர் 13 அன்று ஃபுளோரிடா மாநிலத்தின் கேரபெல் என்ற கடலோர ஊரில் பிறந்து, பின்னர் சாரசோட்டாவில் வளர்ந்தார். அங்கே செலரி என்னும் கீரைத்தண்டு பயிரிடும் வயல்களில் சிறுவனாக இருக்கும்போதே வேலை செய்தார். அறுவடை செய்பவர்களுக்குப் பெட்டிகளைச் சுமந்து சென்று வரிசையாக வைப்பது அவருடைய பணி. சாரசோட்டாவின் உயர்நிலைப்பள்ளி வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்ததால், அவர் ஜாக்சன்வில்லில் கறுப்பினத்தவருக்காக நடத்தப்பட்ட எட்வர்ட் வாட்டர்ஸ் கல்லூரிக்குப் போய்ப் படிப்பைத் தொடர வேண்டியிருந்தது. அவரைச் சேர்க்க மறுத்த அதே சாரசோட்டா உயர்நிலைப்பள்ளி 1995இல், அவருக்கு 83 வயதானபோது, மதிப்புறு சான்றிதழ் வழங்கியது.

பேஸ்பாலில் மேஜர் லீக் என்பது நாட்டின் முதல்நிலை அணிகள் ஆடும் தொடர்களின் பெயர். மைனர் லீக் என்பது அதற்கு ஆட்டக்காரர்களைத் தயார் செய்யும் கீழ்நிலைத் தொடர்களின் அடுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இவ்விரண்டிலும் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டனர். எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லாமலே, கழக உரிமையாளர்களின் ஒத்த மனத்தால் மட்டும் அந்தத் தடை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. அதற்கு விடையாக ரூப் ஃபாஸ்டர் என்ற பந்து எறிபவர் 1920இல் கான்சஸ் சிட்டியில் கறுப்பின அணிகளின் உரிமையாளர்களைக் கூட்டி ஒரு தனித் தொடரை நிறுவினார். அதுவும் அதன் வழியில் பின்னர் தோன்றிய தொடர்களும் அக்கால வழக்கின்படி நீக்ரோ லீக் என்று அழைக்கப்பட்டு, அந்தப் பெயராலேயே வரலாற்றில் நிலைபெற்றுவிட்டன. ஓநீல் சிறுவனாக இருந்தபோது, ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் குளிர்காலத்தில் கறுப்பின ஆட்டக்காரர்கள் பணக்கார விடுதிகளின் அணிகளாக ஆடிய ஆட்டங்களில் இந்த ஃபாஸ்டரை நேரில் பார்த்திருந்தார்.

ஊர் ஊராகச் சென்று கிடைத்த அணியோடு மோதும் சுற்றுப்பயணக் குழுக்களில் சில ஆண்டுகள் ஆடிய ஓநீல், 1937இல் மெம்ஃபிஸ் ரெட் சாக்ஸ் அணியிலும் அதற்கு அடுத்த ஆண்டு கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியிலும் சேர்ந்தார். மொனார்க்ஸின் உரிமையாளர் ஜே.எல்.வில்கின்சன், லாரிகளில் ஏற்றிச் செல்லக்கூடிய விளக்குக் கம்பங்களைக் கொண்டு 1930இலேயே இரவு ஆட்டங்களை நடத்தியவர். மேஜர் லீக் மைதானம் ஒன்றில் முதல் இரவு ஆட்டம் நடந்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான். கறுப்பின அணிகள் வசதியில் குறைந்திருந்தாலும் சிந்தனையில் பின்தங்கியிருக்கவில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஓநீல் ஆடிய இடம் முதல் பேஸ். மைதானத்தின் உள்வட்டத்தில் நிற்கும் மற்றத் தடுப்பாளர்கள் அனைவரும், மட்டையாளர் ஓடி வந்து சேர்வதற்கு முன்னால் பந்தை எறிய வேண்டியது அந்த இடத்துக்குத்தான். ஆகவே முதல் பேஸில் நிற்பவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் பல தடவை, தம் அணியினரின் எறிதல் ஒவ்வொன்றும் எவ்வளவு விரைவில் கிளம்புகிறது, எவ்வளவு நேராக வருகிறது, களைத்த கை எப்படி எறிகிறது, பதறிய கை எப்படி எறிகிறது என்பதையெல்லாம் தம் கையுறைக்குள்ளேயே உணர்கிறார். பின்னாளில் மனிதர்களை எடைபோட்டுப் பிழைக்க வேண்டிய ஒருவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சியிடம் இருந்திருக்க முடியாது.

இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றிய ஓநீல், பிலிப்பைன்ஸில் இருந்தபோதுதான் மொனார்க்ஸின் இளம் ஆட்டக்காரரான ஜாக்கி ராபின்சனை புரூக்ளின் டாட்ஜர்ஸ் கழகம் ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தியை அறிந்தார். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் மேஜர் லீக் களத்தில் இறங்கியதோடு நிறத் தடை உடைந்தது. அந்த உடைப்பு நீதியானது, நெடுங்காலம் தாமதமானது. ஆனால் அதன் விலையைக் கறுப்பின அணிகளே கொடுத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ராபின்சனுக்காக மொனார்க்ஸுக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. பார்வையாளர்கள் மேஜர் லீக் பக்கம் திரும்பினர். நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டனர்.

விதைத்தவர்

இந்தச் சரிவின் தொடக்கத்தில், 1948இல், ஓநீல் மொனார்க்ஸின் மேனேஜர் ஆனார். பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் கணக்கு வழக்குப் பார்க்கும் நிர்வாகி அல்லர். யாரை இறக்குவது, யாரை மாற்றுவது, எப்போது ஓடச் சொல்வது என்று ஆட்டத்தை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர். அதே ஆண்டில் வில்கின்சனின் பங்கை வாங்கிக்கொண்ட டாம் பேர்ட், நுழைவுச்சீட்டு வருமானம் குறைந்துகொண்டே போன நிலையில், இளம் ஆட்டக்காரர்களை மேஜர் லீக் கழகங்களுக்கு விற்றே அணியை ஓட்ட வேண்டியிருந்தது. எனவே ஓநீலின் பொறுப்பு ஒரே சமயத்தில் இரண்டு திசைகளில் இழுத்தது: அவர் ஆட்டங்களை வெல்லவும் வேண்டும், வெல்வதற்கு உதவும் ஆட்டக்காரர்களை ஆளாக்கி அனுப்பிவிடவும் வேண்டும். நீக்ரோ லீக் அணிகளிலேயே மேஜர் லீக்குக்கு மிகுதியான ஆட்டக்காரர்களை அனுப்பிய அணி மொனார்க்ஸ் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி.

அவர்களில் ஒருவர் எல்ஸ்டன் ஹவர்ட். 1948 முதல் 1950 வரை ஓநீலின்கீழ் ஆடிய அவர், 1955இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் முதல் கறுப்பின ஆட்டக்காரராகக் களமிறங்கி, 1963இல், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதையும் பெற்றார்.

மற்றொருவர் எர்னி பேங்க்ஸ். டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரைச் சேர்ந்த மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள இந்த இளைஞனை, மின்னல் ஓட்டத்துக்குப் பெயர்பெற்ற மூத்த ஆட்டக்காரர் கூல் பாபா பெல் பார்த்துப் பரிந்துரைக்க, அவர் 1950இல் மொனார்க்ஸுக்கு வந்து சேர்ந்தார். பேங்க்ஸ் ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையே நின்று உள்வட்டத்தின் மிகக் கடினமான பந்துகளைத் தடுப்பவராக ஆடினார். பேசவே தயங்கிய அந்த இளைஞனுக்கு ஓநீல் முதலில் கற்றுத்தந்தது நுட்பம் அல்ல. ஆட்டத்தை உற்சாகத்தோடு, உரக்க, மகிழ்ச்சியாக ஆட வேண்டும் என்ற மனநிலையே. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆட ஆசைப்படும் மனிதராகப் பின்னாளில் அமெரிக்கா முழுவதும் அறியப்பட்ட பேங்க்ஸ், அந்த உற்சாகத்தின் ஊற்று எங்கே இருந்தது என்பதை மறைத்ததில்லை. இரண்டு ஆண்டு இராணுவப் பணி முடித்துத் திரும்பிய அவரை 1953 செப்டம்பரில் சிகாகோ கப்ஸ் கழகம் வாங்கியது. மைனர் லீக்கில் ஒரு நாள்கூட ஆடாமல் நேரே மேஜர் லீக் களத்தில் இறங்கி, கப்ஸின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆனார். 1958, 1959 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மற்றொரு பிரிவான நேஷனல் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரராகத் தேர்வுபெற்றார். பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து நான்கு பேஸ்களையும் சுற்றி வரும் ஹோம் ரன்களை 512 முறை அடித்து ஓய்வுபெற்றார். மைனர் லீக் தரவேண்டிய பயிற்சி அனைத்தையும் அவருக்கு மொனார்க்ஸ் பேருந்தும் ஓநீலும் தந்துவிட்டிருந்தனர் என்பதே இதன் பொருள்.

1955இல் பிலடெல்ஃபியாவின் அத்லெட்டிக்ஸ் கழகம் கான்சஸ் சிட்டிக்கு இடம்பெயர்ந்தது. அதே நகரத்துக்கு மேஜர் லீக் அணி ஒன்று வந்த பிறகு மொனார்க்ஸால் தாக்குப்பிடிக்க இயலவில்லை. பேர்ட் அணியை விற்றார், ஓநீல் விலகினார். அவருக்காகக் காத்திருந்தது கப்ஸ் கழகத்தின் ஸ்கவுட் பணி. மொனார்க்ஸில் தம்மிடம் ஆடிய ஜார்ஜ் ஆல்ட்மன், லூ ஜான்சன், ஜே.சி.ஹார்ட்மன் ஆகியோரையும் அவர் அந்தக் கழகத்துக்குக் கொண்டுவந்தார்.

பார்ப்பதும் கேட்பதும்

ஸ்கவுட்டின் வேலை, ஆட்டம் தொடங்குவதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. மட்டைப் பயிற்சியின்போதும் தடுப்புப் பயிற்சியின்போதும் அவர் மைதானத்தில் இருந்தாக வேண்டும். ஏனெனில் ஓர் ஆட்டத்தில் வெளித்தடுப்பாளர் ஒருவருக்கு நீண்ட தூரம் எறிய வேண்டிய சந்தர்ப்பம் ஒருமுறைகூட வராமல் போகலாம், ஆனால் பயிற்சியில் அந்தக் கையின் வலிமை தெரிந்துவிடும். நன்றாக அடித்தல், வலுவாக அடித்தல், ஓடுதல், எறிதல், தடுத்தல் ஆகிய ஐந்தையும் ஸ்கவுட்டுகள் ஐந்து கருவிகள் என்று குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் எண் இடுகிறார்கள். அந்த அளவுகோலில் 50 என்பது மேஜர் லீக்கின் சராசரி. ஓட்டத்தை நிறுத்துகடிகாரம் சொல்லிவிடும். எறிவேகத்தை, 1970களுக்குப் பிறகு, ரேடார் கருவி சொல்லிவிடும். எந்தக் கருவியாலும் சொல்ல முடியாதது, பதினெட்டு வயது உடலும் மனமும் இருபத்தைந்தாம் வயதில் என்னவாகும் என்பது. ஸ்கவுட்டுக்குச் சம்பளம் தரப்படுவது அந்த ஊகத்துக்காகவே.

ஓநீல் பார்த்ததைப் போலவே கேட்கவும் செய்தார். மட்டையின் நடுப்பகுதி பந்தை மிகச் சரியாகச் சந்திக்கும்போது எழும் ஓர் அரிய ஒலியைப் பற்றி அவர் பல மேடைகளில் பேசியிருக்கிறார். அதைச் சிறுவயதில் மேஜர் லீக்கின் புகழ்பெற்ற மட்டையாளர் பேப் ரூத்தின் மட்டையிலும், 1938இல் நீக்ரோ லீக்கின் மாபெரும் மட்டையாளர் ஜாஷ் கிப்சனின் மட்டையிலும், அதற்குக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து கான்சஸ் சிட்டியில் இளம் ஆட்டக்காரர் போ ஜாக்சனின் மட்டையிலும் கேட்டதாகவும், வேறெங்கும் கேட்டதில்லை என்றும் அவர் கூறுவார். ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் பார்த்த ஒருவர் மூன்றே பெயர்களில் நிறுத்திக்கொண்டது கவனத்துக்குரியது. அந்தக் காதின் கண்டிப்பு அத்தகையது.

1965 வரை ஒப்பந்தமில்லாத இளைஞன் எந்தக் கழகத்தோடும் சேரலாம் என்ற நிலை இருந்தது. ஆகவே ஸ்கவுட்டுகளுக்கு இடையிலான போட்டி, பெற்றோரின் சமையலறை மேசையில் முடிவாகியது. கழகத்தின் பணமும் அங்கே பேசும், வந்திருப்பவர் மீதுள்ள நம்பிக்கையும் பேசும். தென்மாநிலங்களின் கறுப்பினப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வெள்ளை ஸ்கவுட்டுகள் அரிதாகவே போயினர். போனாலும் அந்த வீடுகளின் பேச்சுவழக்கும் அச்சங்களும் அவர்களுக்குப் பிடிபடுவது அரிது. ஓநீலோ அந்தப் பகுதியின் பயிற்சியாளர்களையும் பாதிரியார்களையும் பல்லாண்டு ஆட்டப் பயணங்களில் அறிந்திருந்தவர். 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் வரும்வரை பல ஊர்களில் வெள்ளையர் விடுதிகள் அவருக்கு அறை தராத நிலையில், தங்குவதற்கும் உண்பதற்கும் தெரிந்தவர் வீடுகளை நாட வேண்டியிருந்தது. அவமதிப்பாக விதிக்கப்பட்ட அந்த நிலையையே அவர் தம் தொழிலின் பலமாக மாற்றிக்கொண்டார் என்பது, அவரை ஆழ்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியாமல் போகாது.

லூயிசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் உள்ள சதர்ன் பல்கலைக்கழகத்தில் லூ பிராக்கை அவர் கண்டுகொண்டது இந்த வழியில்தான். வறிய பண்ணைக் குடும்பத்திலிருந்து வந்த பிராக், படிப்புக்கான உதவித்தொகையை மதிப்பெண் குறைவால் இழந்து, பேஸ்பால் அணியில் இடம்பிடித்தால் படிப்பைத் தொடரலாம் என்ற தேவையால் களத்துக்கு வந்தவர். 1959இல் சதர்ன் அணி சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றபோது அவரும் அதில் இருந்தார். தடுப்பாட்டத்தில் அவர் கரடுமுரடானவர். எறிதலும் சிறப்பாக இல்லை. ஆனால் கால்கள் இருந்தன. கப்ஸ் அவரை 1960இல் 30,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. நான்கே ஆண்டுகளில், 1964 ஜூன் 15 அன்று, பொறுமையிழந்த கழகம் அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு மாற்றி, பதிலுக்கு எர்னி பிராக்லியோ என்ற பந்து எறிபவரைப் பெற்றது. அந்த ஆண்டே கார்டினல்ஸ், மேஜர் லீக்கின் பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்றது. பந்து எறியப்படும் தருணத்தில் எதிரணியை ஏமாற்றி அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் பேஸ் திருடலில் பிராக் மொத்தம் 938 என்ற அன்றைய சாதனையை எட்டி ஓய்வுபெற்றார். பேஸ்பால் வரலாற்றின் மிக மோசமான பரிமாற்றங்களில் ஒன்றாக அவரை விட்டுக்கொடுத்த அந்த முடிவு இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஸ்கவுட் சரியாகப் பார்த்திருந்தார். அவர் பார்த்தது பழுக்கும்வரை காத்திருக்க அலுவலகத்துக்குத் தெரியவில்லை.

விஸ்லருக்கு ஒரு பயணம்

ஓநீலின் கலையை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு, அவர் கண்டுபிடிக்காத ஓர் ஆட்டக்காரரைப் பற்றியது. அலபாமா மாநிலத்தின் மொபீல் நகருக்கு அருகே விஸ்லர் என்ற சிற்றூரில் பிறந்த பில்லி வில்லியம்ஸ், 1959இல் கப்ஸின் மைனர் லீக் அணிக்காக டெக்சஸின் சான் அன்டோனியோவில் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் அவருக்குக் குறையேதும் இல்லை. பயணங்களில் வெள்ளை ஆட்டக்காரர்கள் உணவகத்துக்குள் சென்று சாப்பிட, கறுப்பின ஆட்டக்காரர்கள் உள்ளே நுழையவும் முடியாமல், வேறு விடுதியில் தங்கி, வேறு இடத்தில் உண்ண வேண்டிய நிலையை, அலபாமாவில் வளர்ந்திருந்தும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒருநாள் எவரிடமும் அனுமதி கேட்காமல் இரயிலேறி ஊர் போய்ச் சேர்ந்தார்.

கப்ஸ் நிர்வாகம் அவரைத் திரும்ப அழைத்துவர ஓநீலை அனுப்பியது. இத்தகைய நிலையில் ஒரு கழகப் பிரதிநிதி வழக்கமாகச் செய்வது ஒப்பந்தத்தை நினைவூட்டுவதும் எதிர்காலச் சம்பளத்தைக் காட்டுவதுமே. ஓநீல் விஸ்லரில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வில்லியம்ஸ் குடும்பத்தோடு உட்கார்ந்து உண்டார், பெரியவர்களோடு கதை பேசினார், திரும்பி வா என்று ஒரு சொல்லும் சொல்லாமல் நாளைக் கடத்தினார். பின்னர் அவரை உள்ளூர்ச் சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்த மைதானத்துக்கு அழைத்துப் போனார். தங்கள் ஊர்க்காரர் ஒருவர் தொழில்முறைப் பேஸ்பால் ஆடுகிறார் என்ற பெருமிதத்தில் அந்தச் சிறுவர்கள் வில்லியம்ஸைச் சூழ்ந்துகொண்டு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டனர். தாம் விட்டுவந்தது எத்தனை பேருடைய கனவு என்பது அவருக்கு அங்கே விளங்கியது. சில நாள்களில் அவர் அணிக்குத் திரும்பினார்.

அவமதிக்கப்பட்ட ஒருவரிடம் அவமதிப்பைப் பொருட்படுத்தாதே என்று அறிவுரை கூறுவது எளிது, அது பொய்யானதும்கூட. ஓநீல் அதைச் செய்யவில்லை. உணவக வாசலில் நிறுத்தப்படுவது எப்படியிருக்கும் என்பதை அந்த இளைஞனைவிட அவர் அதிகமாகவே அறிந்திருந்தார். வில்லியம்ஸின் கோபம் நியாயமானது என்பதை மறுக்காமல், அந்தக் கோபத்தோடு அவரைத் தனியே விட்டுவிடாமல், முடிவை அவரே எடுக்க இடம் கொடுத்ததில்தான் அந்தப் பயணத்தின் வெற்றி இருந்தது. வில்லியம்ஸ் 1961இல் நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம் ஆனார். தொடர்ச்சியாக 1,117 ஆட்டங்களில் ஆடி அன்றைய நேஷனல் லீக் சாதனையை ஏற்படுத்தினார். 426 ஹோம் ரன்கள் அடித்தார். பல ஆண்டுகள் கழித்து, லீ ஸ்மித் என்ற இளம் பந்து எறிபவர் மைனர் லீக்கில் மனம் வெறுத்து ஆட்டத்தை விட முற்பட்டபோது, அவரிடம் பேசித் திரும்ப வைத்தவர் இதே பில்லி வில்லியம்ஸ். அந்த ஸ்மித்தை லூயிசியானாவின் கேஸ்டர் என்ற சிற்றூரில் பார்த்து, 1975இல் கப்ஸ் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருந்தவர் ஓநீல். ஓர் ஆசிரியரின் முறை அவர் மாணவர் வழியாக அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

டக்-அவுட்டின் எல்லை

1962 மே மாத இறுதியில் கப்ஸ் கழகம் ஓநீலைத் தன் பயிற்சியாளர்களில் ஒருவராக அறிவித்தது. மேஜர் லீக் வரலாற்றில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆனால் அக்காலத்தில் கப்ஸின் உரிமையாளர் ஃபிலிப் ரிக்லி ஒரு விந்தையான முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார்: ஒரே மேனேஜர் என்று எவரும் இல்லாமல், பயிற்சியாளர் குழுவைச் சேர்ந்தவர்கள் முறைவைத்து அணியை நடத்துவது. பலர் மாறி மாறித் தலைமை ஏற்ற அந்த ஏற்பாட்டிலும் ஓநீலுக்கு ஒரு முறைகூட அந்த வாய்ப்புத் தரப்படவில்லை. அந்த ஆண்டு கப்ஸ் 59 ஆட்டங்களை வென்று 103இல் தோற்றது.

ஓர் அணி மட்டை பிடிக்கும்போது அதன் பயிற்சியாளர் ஒருவர் மூன்றாம் பேஸுக்கு அருகே நின்று, ஓடுபவர் நிற்கலாமா தொடர்ந்து ஓடலாமா என்று சைகை காட்டுவார். ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடிய பொறுப்பு அது. அந்த ஆண்டு ஹூஸ்டனில் நடந்த ஓர் ஆட்டத்தில், நடுவரோடு ஏற்பட்ட தகராறில் தலைமை வகித்தவரும் மூன்றாம் பேஸில் நின்றவரும் வெளியேற்றப்பட்டனர். ஆட்டக்காரர்கள் அமரும் டக்-அவுட்டில், எட்டு ஆண்டுகள் மொனார்க்ஸை வழிநடத்திய ஓநீல் உட்கார்ந்திருந்தார். அவரை அனுப்பாமல், மைதானத்தின் மறுகோடியில் பந்து எறிபவர்களோடு இருந்த பயிற்சியாளரை வரவழைத்து மூன்றாம் பேஸுக்கு அனுப்பினர். ஓநீல் பயிற்சியாளராகப் பேஸ்களுக்கு அருகே நிற்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து வாய்மொழி உத்தரவு இருந்ததைப் பின்னர் அறிந்துகொண்டதாகவும், பேஸ்பாலில் தமக்கு நேர்ந்த மிகப் பெரிய ஏமாற்றங்களில் அதுவும் ஒன்று என்றும் அவர் பதிவுசெய்திருக்கிறார். கப்ஸ் அவருடைய கண்ணைப் பயன்படுத்திக்கொண்டது. அவருடைய தலைமையை வேண்டாம் என்றது. அணிக்கு அது பெரும் இழப்பு. அவருக்கு அது அநீதி.

1964க்குள் அவர் மறுபடியும் ஸ்கவுட் பணிக்கே திரும்பினார். 1965 முதல் மேஜர் லீக் கழகங்கள் முந்தைய ஆண்டின் தோல்வி வரிசைப்படி இளைஞர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏற்பாடு வந்தது. வீட்டு மேசையில் வெல்லப்பட்ட நம்பிக்கையின் இடத்தை அறிக்கைகளும் எண்களும் பிடித்தன. அந்தக் காலத்திலும் 1968இல் பதினாறாவது சுற்றில் எடுக்கப்பட்ட ஆஸ்கர் கேம்பிள் மேஜர் லீக்கில் 200 ஹோம் ரன்களை எட்டியதும், 1981இல் நாட்டிலேயே இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோ கார்ட்டர் 1993இல் டொரான்டோவுக்காக உலகத் தொடரையே முடித்துவைத்த ஹோம் ரன்னை அடித்ததும் ஓநீலின் கணிப்பு மங்கவில்லை என்பதைக் காட்டின. 1988இல் அவர் தாம் வாழ்ந்த நகரின் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் கழகத்துக்கு மாறினார். 1998இல், 86 வயதில், மத்திய மேற்குப் பகுதியின் ஆண்டுச் சிறந்த ஸ்கவுட்டாகத் தேர்வானார்.

காலம் கடந்து திறந்த கதவு

1994இல் கென் பர்ன்ஸ் தொலைக்காட்சிக்காக எடுத்த பேஸ்பால் ஆவணப்படத் தொடர், அதுவரை துறையினர் மட்டுமே அறிந்திருந்த ஓநீலை நாடறியச் செய்தது. கிடைத்த புகழை அவர் தமக்காகச் செலவிடவில்லை. கான்சஸ் சிட்டியில் 1990இல் தொடங்கப்பட்ட நீக்ரோ லீக் பேஸ்பால் அருங்காட்சியகத்தின் தலைவராக, மறக்கப்பட்ட ஆட்டக்காரர்களுக்காக நிதி திரட்டியும் பேசியும் நாடெங்கும் அலைந்தார்.

நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம், இந்த விளையாட்டின் உச்சமான நினைவு மண்டபம். கறுப்பின பேஸ்பாலின் முன்னோடிகளை ஆராய அது 2006இல் அமைத்த பன்னிருவர் குழு 17 பேரைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதினேழில் ஓநீலின் பழைய உரிமையாளர் வில்கின்சன் இருந்தார், ஓநீல் இல்லை. ஒரே ஒரு வாக்கு குறைந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. பதினேழு பேரும் மறைந்துவிட்டிருந்ததால், ஜூலை 30 அன்று நடந்த விழாவில் அவர்கள் சார்பில் பேச ஒருவர் தேவைப்பட, தாம் விடுபட்ட அந்த மேடையிலேயே 94 வயது ஓநீல் மனக்கசப்பின் சாயலும் இல்லாமல் பேசி, கூட்டத்தினரைக் கைகோத்துப் பாடவும் வைத்தார். அவ்வாண்டு அக்டோபர் 6 அன்று அவர் காலமானார். டிசம்பரில் அமெரிக்க அரசு அவருக்கு அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை வழங்கியது.

அந்தப் பெருந்தன்மையைப் போற்றுவது தகும். ஆனால் அதைப் போற்றுவதையே ஒரு சாக்காக வைத்து, அவருக்கு இழைக்கப்பட்ட தவறைக் கடந்துபோவது தகாது. ஆட்டக்காரர், மேனேஜர், ஸ்கவுட், பயிற்சியாளர் என்று துண்டு துண்டாக எடைபோட்டால் ஒவ்வொரு துண்டும் சற்றுக் குறைவாகத் தோன்றக்கூடும். ஆட்டக்காரரை உருவாக்கும் பணி என்ற முழுமையில் பார்த்தால், அவர் காலத்தில் அவருக்கு நிகர் சொல்லத் தக்கவர் மிகக் குறைவு. 2006இன் குழு துண்டுகளை எண்ணியது, அதனால்தான் பிழை செய்தது.

மேஜர் லீக் அணி ஒன்றை முதன்முதலில் ஒரு கறுப்பினத்தவர் மேனேஜராக நடத்தியது 1975இல், கிளீவ்லாந்தில்; அவர் ஃபிராங்க் ராபின்சன். அந்தப் பொறுப்பு ஓநீலுக்கு இறுதிவரை கொடுக்கப்படவில்லை. 2021 டிசம்பரில் மற்றொரு குழு அவரை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுக்க, 2022 ஜூலை 24 அன்று அவருடைய பெயர்ப்பலகை அங்கே நிறுவப்பட்டது. அவர் வளர்த்த, தேடிப் பிடித்த, திரும்ப அழைத்து வந்த பேங்க்ஸ், பிராக், வில்லியம்ஸ், ஸ்மித் ஆகிய நால்வரும் அவருக்கு முன்பே அந்த மண்டபத்தில் இடம்பெற்றிருந்தனர்.